லேப் குட்டிக்கு முன்னங்கால் தட்டையா பதியுது, இளக்கமா வேற போறான்: சாப்பாடுதான் காரணமா?

பிரவுனி வீடு, தண்டையார்பேட்டை:
எல்லாருக்கும் வணக்கம். லேப்ரடார் ஆண் குட்டி, நாலரை மாசம், 12 கிலோ. முன்னங்கால் ரெண்டும் மணிக்கட்டுக்குக் கீழே தட்டையா பதியுது. விரலெல்லாம் விரிஞ்சு, பாதம் லேசா வெளிப்பக்கம் திரும்பி இருக்கு. தூக்கினா கத்துறான். மாடிப்படி ஓடி ஏறினவன் இப்ப முதல் படியிலயே உட்கார்ந்துடுறான். காலைல முதல் தடவை கெட்டியா போறான், அப்புறம் நாள் முழுக்க கூழ் மாதிரி. ரத்தம் இல்ல, வாந்தி இல்ல.

சாப்பாடு: காலைல 200 மில்லி பால், மேரி பிஸ்கட். மதியம் தயிர் சோறு. ராத்திரி எலும்பில்லாத கோழியோ கோழி ஈரலோ வேகவச்சு சோத்துல பிசைஞ்சு. நடுவுல காசிமேட்டு மீன் வந்தா, பாட்டி குழம்புல இருந்து துண்டை எடுத்து கழுவிப் போடுவாங்க. தொண்டைல சிக்கும்னு எலும்பு எதுவும் குடுக்கறதில்ல.

முதல் மாடி வீடு, உள்ள முழுக்க டைல்ஸ். தடுப்பூசி எல்லாம் முடிஞ்சது. பூச்சி மருந்து குடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. குட்டி குடுத்தவர் "கால்சியம் சிரப் ஊத்துங்க, வெயில்ல விடுங்க"ன்னு சொல்றாரு. மெடிக்கல்ல நமக்குக் குடுக்குற சிரப்தான் வாங்கி வச்சிருக்கேன், இன்னும் ஆரம்பிக்கல. எவ்வளவு ஊத்தணும்?

ஜிம்மி அப்பா, ராயபுரம்:
பாலை இன்னிக்கே நிறுத்துங்க, பாதி இளக்கம் அதுலயே அடங்கும். படி ஏற விடாதீங்க. முட்டை ஓட்டைக் காயவச்சு பொடி பண்ணி, ராத்திரி சோத்துல தினம் ஒரு ஸ்பூன் போடுங்க. சிரப்பை விட அது நல்லது.

கொளத்தூர் அக்கா:
பிரவுனி வீடு, அந்த சிரப்பைத் திறக்காதீங்க. சர்க்கரை இல்லாததுன்னு போட்டு வர்ற மனுஷ சிரப்புல சைலிட்டால்ங்கிற இனிப்புப் பொருள் இருக்கலாம், அது நாய்க்கு விஷம். அது இல்லாட்டியும், வைட்டமின் டி சேர்ந்த சிரப்பைக் கண்ணளவுல ஊத்தினா கூடிப் போயிடும்.

இப்ப கணக்கைப் பாருங்க. வளர்ற குட்டிக்கு 1000 கலோரி சாப்பாட்டுக்கு 3 கிராம் கால்சியம் வேணும். உங்க குட்டியோட எடைக்கும் வயசுக்கும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 900 கலோரி, அதாவது 2700 மில்லிகிராம் கால்சியம். நீங்க குடுக்கறதுல எவ்வளவு இருக்கு? 200 மில்லி பால்ல 240 மில்லிகிராம். தயிர்ல இன்னொரு நூறு, நூத்தம்பது. கால் கிலோ கோழிக்கறியில 40 மில்லிகிராம்கூட தேறாது, சோத்துல அதை விடக் கம்மி. எல்லாம் கூட்டினாலும் 500-ஐத் தாண்டாது. தேவையில அஞ்சுல ஒரு பங்கு.

அதே கறியில பாஸ்பரஸ் கால்சியத்தைப் போல பத்து மடங்குக்கும் மேல. ரத்தத்துல கால்சியம் குறையக் கூடாது, குறைஞ்சா இதயமும் தசையும் வேலை செய்யாது. அதனால உடம்பு எலும்புல இருந்து உருவிக்குது. வேகமா எடை ஏறுற வயசுல எலும்பு மெலிஞ்சா கால் வளையும், வலிக்கும். தூக்கினா கத்துறது அதனாலயா இருக்கலாம். "கறி போட்டுத்தானே வளர்க்கிறோம்"னு நினைக்கிற வீடுகள்லதான் இது அதிகம். எலும்பில்லாத கறியும் சோறும் மட்டும் தின்னு வளர்ற குட்டிக்கு வர்ற குறை இது.

ஜிம்மி அப்பா, உங்க மேல மரியாதை உண்டு, ஆனா வளர்ற குட்டிக்கு முட்டை ஓடு மட்டும் போதாது. தட்டையா ஒரு டீஸ்பூன் பொடி 5, 6 கிராம் வரும், அதுல 2000 மில்லிகிராம் போல கால்சியம். ஆனா அது வெறும் கால்சியம் கார்பனேட், பாஸ்பரஸ் கிட்டத்தட்ட இல்ல. இந்தக் குட்டிக்கு பாஸ்பரஸும் 2 கிராமுக்கு மேல வேணும். கோழியும் சோறும் தர்றது ஒரு கிராமைத் தொட்டாலே அதிகம். ஓட்டுப் பொடி சேர்த்தா இதுவரைக்கும் ஒரு பக்கம் சாய்ஞ்ச கணக்கு மறுபக்கம் சாயும். வளர்ந்த நாய்க்குக் கறி சோறு போடுறவங்களுக்கு முட்டை ஓடு சரி. பெரிய இனக் குட்டிக்கு ஆறு மாசம் வரைக்கும் வேண்டாத கால்சியத்தைக் குடல்லயே தடுத்து நிறுத்துற சக்தி சரியா வராது. கூடினாலும் எலும்பு கோணும்.

வெயில் விஷயம்: நாயோட தோல் நம்ம தோல் மாதிரி போதுமான அளவு வைட்டமின் டி செய்யாது. அதுக்கு சாப்பாடுதான் வழி. மொட்டை மாடி வெயில்ல விட்டா பாதம்தான் பொசுங்கும்.

என் முடிவு: பெரிய இனக் குட்டிகளுக்குன்னு போட்ட முழுமையான தீவனத்துக்கு மாத்துங்க. பாக்கெட்டுல கால்சியம் 1 முதல் 1.5 சதவீதம்னு இருக்கணும். அது போடும்போது மேல எந்தக் கால்சியமும் சேர்க்கக் கூடாது. ஆனா முதல்ல எக்ஸ்ரே.

ஜிம்மி அப்பா, ராயபுரம்:
சரிதான் அக்கா. நான் சொன்ன அளவு வளர்ந்த நாய்க்கானது. பிரவுனி வீடு, அக்கா சொல்றபடி பண்ணுங்க.

வியாசர்பாடி தம்பி:
அண்ணா, சாப்பாட்டுக் குறைன்னு நாமளே முடிவு கட்டிடக் கூடாது. இதே மாதிரி காட்டுற வேற விஷயங்களும் இருக்கு.

இன்னிக்கு ராத்திரி ஒண்ணு பாருங்க. குட்டி அமைதியா படுத்திருக்கும்போது மணிக்கட்டுக்கு ஒரு விரல் மேல எலும்பை மெதுவா அழுத்துங்க. வீங்கி, சூடா இருந்து, தொட்டதும் காலை இழுத்துக்கிட்டா அது பெரிய இனக் குட்டிகளுக்கு வர்ற எலும்பு அழற்சியா இருக்கலாம். அதுல காய்ச்சல் அடிக்கும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் முனையில வாசலின் தடவி ஆசனவாயில வச்சுப் பாருங்க. நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி சாதாரணம். 103-ஐத் தாண்டினா காத்திருக்க வேண்டாம்.

ரெண்டாவது உண்ணிக் காய்ச்சல். அதுலயும் மூட்டு வலிச்சு நடக்க மாட்டான். காது மடிப்பு, விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்குக் கீழே உண்ணி இருக்கான்னு பாருங்க. ஈறு வெளுத்திருந்தாலோ மூக்குல ரத்தம் வந்தாலோ உடனே கிளம்பணும்.

மூணாவது, வெறும் டைல்ஸ் தரையில வழுக்கி வழுக்கியே மணிக்கட்டு தளர்ந்து போறது. அதுல வலி இருக்காது, தரையும் தீனியும் சரியானா தானா நேராகும். உங்க குட்டி கத்துறதால அது மட்டும்னு தோணல.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு காலைலயே போங்க. தடுப்பூசி அட்டை, இப்ப போடுற சாப்பாட்டோட அளவு எழுதின சீட்டு ரெண்டும் எடுத்துக்கங்க. அன்னிக்குக் காலைல போன மலத்தை மூடி போட்ட சின்ன டப்பாவுல கொண்டு போங்க. முழங்கைல இருந்து விரல் வரைக்கும் ரெண்டு முன்னங்காலுக்கும் எக்ஸ்ரே வேணுமான்னு கேளுங்க. ரத்தத்துல அணுக்கள் எண்ணிக்கையும் உண்ணிக் காய்ச்சலுக்கான சோதனையும் கேளுங்க. ஆட்டோவுல ஏத்தும்போது அக்குள்ல பிடிச்சுத் தூக்காதீங்க. ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, ஒரு கை பின்பக்கத்துக்குக் கீழே.

வலிக்குதேன்னு பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதுவும் வீட்டு மருந்துப் பெட்டியில இருந்து எடுத்துக் குடுத்துடாதீங்க. கல்லீரல், சிறுநீரகம், குடல் எல்லாத்தையும் கெடுத்து உயிருக்கே ஆபத்தாகும்.

பிரவுனி வீடு, தண்டையார்பேட்டை:
போயிட்டு வந்தாச்சு. காய்ச்சல் இல்ல, உண்ணிக் காய்ச்சலும் இல்ல. எக்ஸ்ரேல எலும்போட வெளிச்சுவர் மெலிசா தெரியுது, முறிவு இல்ல, சாப்பாட்டுக் குறைதான்னு டாக்டர் சொன்னாங்க. மலத்துல கொக்கிப்புழு முட்டை இருந்துச்சு, மருந்து குடுத்தாங்க. தீவனம் வாங்கிட்டேன். ஆனா மோந்து பார்த்துட்டுப் போயிடுறான். சோத்துல கலந்தா ஒவ்வொரு உருண்டையா ஒதுக்கிட்டு சோத்தை மட்டும் தின்னுறான். பாட்டி வேற "பட்டினி போடுறியே"ன்னு அழுவுறாங்க.

கொளத்தூர் அக்கா:
முறிவு இல்லாதது பெரிய நிம்மதி. பாட்டி கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்க, இதுக்கு வழி இருக்கு.

உருண்டையா போட்டா பொறுக்கத்தான் செய்வான். தீவனத்தை வெதுவெதுப்பான தண்ணியில பத்து நிமிஷம் ஊறவச்சு கையால மசிங்க. உப்பு, மஞ்சள் எதுவும் போடாம வேகவச்ச கோழியை நூல் நூலா பிய்ச்சு அதுல பிசைஞ்சுடுங்க, பிரிச்செடுக்க முடியாது. முழுசா தீவனத்துக்கு மாறினப்புறம் வெளிச் சாப்பாடு மொத்தக் கலோரியில பத்துல ஒரு பங்குக்குள்ள இருக்கணும். அவனுக்கு அது ஒரு நாளைக்கு 50 கிராம் கோழி. அதுக்கு மேல போனா பழைய கணக்குக்கே திரும்பிடுவோம். ஈரல் இப்போதைக்கு வேண்டாம், அடிக்கடி குடுத்தா வைட்டமின் ஏ கூடி அதுவும் எலும்பைத்தான் பாதிக்கும்.

முதல் ரெண்டு நாள் கால் பங்கு தீவனம், முக்கால் பங்கு கோழி சோறு. அடுத்த ரெண்டு நாள் பாதிக்குப் பாதி. அப்புறம் முக்கால் பங்கு தீவனம். ஒரு வாரத்துல முழுசா. நடுவுல இளகினா தீவனத்தைக் கூட்டாம ரெண்டு நாள் அதே அளவுலயே போட்டு, கெட்டியானதும் மேல போங்க. பாக்கெட்டுல 100 கிராமுக்கு எத்தனை கலோரின்னு பாருங்க. 370 போல இருந்தா அவனுக்கு ஒரு நாளைக்கு 240 கிராம். கோழி சேர்க்குற நாள்ல 220. மூணு வேளையா பிரிச்சு, தராசுல நிறுத்துப் போடுங்க. டம்ளர் கணக்கு வேண்டாம், டம்ளருக்கு டம்ளர் மாறும். இருபது நிமிஷத்துல தின்னலைன்னா தட்டை எடுத்துடுங்க, ஊறின தீவனம் நம்ம ஊர் புழுக்கத்துல சீக்கிரம் புளிக்கும். தொடர்ந்து ரெண்டு வேளை முழுசா மறுத்தா டாக்டருக்கு போன் பண்ணுங்க. குட்டியை அதுக்கு மேல வெறும் வயித்துல விடக் கூடாது.

மூட்டையைப் பிரிச்சு சில்லறையா விக்கிற தீவனம் வாங்காதீங்க. கடல் காத்துல ஈரம் ஏறி கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும், எப்ப பிரிச்சாங்கன்னும் தெரியாது. முழு பாக்கெட்டா வாங்கி, பாக்கெட்டோடவே மூடி இறுகுற டின்ல வைங்க.

குழம்பு மீனைக் கழுவினாலும் வெங்காயமும் பூண்டும் சதைக்குள்ள இறங்கியிருக்கும். அது நாயோட சிவப்பணுவை உடைக்கும். பாட்டிக்குக் குடுக்கணும்னு ஆசையா இருந்தா, குழம்புல போடுறதுக்கு முன்னாடியே ரெண்டு நெத்திலியைத் தனியா வெறும் தண்ணியில வேகவச்சு எடுத்து வைக்கச் சொல்லுங்க. பச்சையா வேண்டாம். நெத்திலி, மத்தி வகைகள்ல பச்சையில வைட்டமின் பி1-ஐ அழிக்கிற பொருள் இருக்கு, வெந்தா போயிடும். கருவாடு உப்புக்காகவே கூடாது.

வியாசர்பாடி தம்பி:
கொக்கிப்புழுன்னா மலத்தை விழுந்த உடனே அள்ளிடுங்க. விட்டுவச்சா ஈர மண்ணுல முட்டை பொரிஞ்சு, புழு நம்ம கால் தோல் வழியாவும் ஏறும். வீட்டுல சின்னப் பசங்க இருந்தா அவன் போற இடத்துல செருப்பில்லாம நடக்க விடாதீங்க. அடுத்த டோஸ் எப்பன்னு அட்டையில எழுதி வாங்கிட்டீங்களா? எடையைப் பார்த்துத்தான் அளவு, போன தடவை குடுத்த அளவு இப்ப பத்தாது.

தரைக்கு, அவன் படுக்குற இடத்துல இருந்து தண்ணிக் கிண்ணம் வரைக்கும் ரப்பர் மேட் போடுங்க. கோணிப்பையை மட்டும் விரிச்சா அதுவே டைல்ஸ் மேல வழுக்கும், அடியில ரப்பர் வேணும். நகம் தரையில டக் டக்குன்னு சத்தம் போட்டா வெட்டிடுங்க, நகம் நீளமா இருந்தா பாதம் இன்னும் பின்னாடி சாயும். கட்டில், சோபா மேல இருந்து குதிக்கவே விடாதீங்க. மெலிஞ்ச எலும்பு அதுலதான் முறியும்.

பிரவுனி வீடு, தண்டையார்பேட்டை:
ரொம்ப நன்றி அக்கா, தம்பி. மசிச்சுப் போட்டதும் தட்டை நக்கிட்டான். வலி எப்ப குறையும்? இந்த 240 கிராம் எதுவரைக்கும்?

கொளத்தூர் அக்கா:
வலி முதல்ல குறையும், எலும்பு கெட்டிப்பட அதுக்கு மேல சில வாரம் ஆகும். துள்ள ஆரம்பிச்சதும் சரியாயிடுச்சுன்னு மாடிப்படியில விட்டுடாதீங்க, அடுத்த எக்ஸ்ரே பார்த்துட்டு டாக்டர் சொன்னப்புறம்தான். அளவை வாரா வாரம் எடை பார்த்து மாத்தணும். 14 கிலோ ஆனா 1000 கலோரி, அந்தத் தீவனத்துல 270 கிராம். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. சீக்கிரம் தேறட்டும்னு கூடுதலா போட்டு எடையை ஏத்தாதீங்க, இப்ப அந்தக் கால் தாங்காது.