வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் தேவையா? லயத்திலும் டவுனிலும் கண்டதை எழுதுங்க

மேல்கணக்கு:
கொட்டகலைப் பக்கம் ஒரு பழைய குவார்ட்டர்ஸ். 100 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 100 மெகாபிட்) ஃபைபர். "ஸ்லோவா இருக்கு, 300க்கு மாத்தணும்" என்பதுதான் முறைப்பாடு. ரவுட்டரில் கேபிள் குத்தி லெப்டொப்பில் பார்த்தால் 94. உள் காம்பராவில் வைஃபையில் 6. நடுவில் ஒன்றரை அடி கருங்கல் சுவர். ரவுட்டர் கண்ணாடி அலுமாரிக்குள்ளே, பிரிஜ்ஜுக்குப் பின்பக்கம், மேலே பூத்துணி போர்த்தி அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி வேறு.

94ஐப் பார்த்து யாரும் சண்டைக்குப் போக வேண்டாம். 100 மெகாபிட் போர்ட்டில், முகவரி மாதிரி ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒட்டும் தலைப்புத் தகவல் போக மிஞ்சுவது அவ்வளவுதான். ஆனால் 300 பெக்கேஜ் எடுத்த பிறகும் சரியாக 94லேயே நின்றால், ஒன்று ரவுட்டர் போர்ட் பழசு, இல்லாவிட்டால் லேன் கேபிளில் நாலு சோடியில் ஒரு சோடி போயிருக்கிறது. அங்கே 300க்கு மாற்றியிருந்தால் உள் காம்பராவில் அதே 6தான் வந்திருக்கும்.

ரவுட்டரை வெளியே எடுத்து, இரண்டு காம்பராவுக்கும் நடுவாசல் நிலைக்கு மேலே, ஆறடி உயரத்தில் வைத்தாயிற்று. உள்ளே 58. செலவு இரண்டு ஆணி.

உங்க பக்கம் கண்டதைப் போடுங்க. கம்பெனிப் பேர் வேணாம், அளவு போடுங்க.

பணியக்கணக்கு:
மேல்கணக்கு அண்ணே, ஃபைபர் வந்த இடத்துக்கு அந்தக் கதை சரி. மஸ்கெலியாவுக்குப் பணிய லயத்துல போய்ப் பாருங்க, எல்லாம் 4ஜி ரவுட்டர்.

தகரக் கூரைக்குக் கீழே, நடுக் காம்பராவில, டிவிக்கு மேலே ரவுட்டர். மூணு கோடு காட்டுது, நெட் நகரல. ரவுட்டரோட செட்டிங் பக்கத்தைத் திறந்து பார்த்தா ஆர்எஸ்ஆர்பி (சிக்னல் பலம்) -112, எஸ்ஐஎன்ஆர் (சிக்னல் இரைச்சலை எவ்வளவு மிஞ்சுதுங்கிற அளவு) -1. கோட்டை நம்பக்கூடாது. கோடு சத்தம் எவ்வளவு பெரிசுன்னு மட்டும் சொல்லும், இரைச்சல் எவ்வளவுன்னு சொல்லாது. எஸ்ஐஎன்ஆர்தான் இரைச்சலைச் சொல்லும். 0க்குக் கீழே போனா எந்தப் பெக்கேஜ் போட்டும் பிரயோசனமில்ல. 10க்கு மேலே வந்தா வீட்டுக்குப் போதும். அதே ரவுட்டரை இஸ்தோப்புல வச்சவுடனே -97, எஸ்ஐஎன்ஆர் 11.

அதுக்குப் பிறகு வீட்டுக்காரர் ஒரு அன்டெனா வாங்கியிருந்தார், சிக்னலை 9 டிபி கூட்டும்னு பெட்டியில போட்டிருக்கு. கூட வந்தது 10 மீற்றர் மெல்லிய கறுப்புக் கேபிள், அந்த ஆர்ஜி-58 சாதி. 4ஜி ஓடுற 1800 மெகாஹேர்ட்ஸ்ல அது மீற்றருக்கு ஏறக்குறைய 0.8 டிபி தின்னும். 10 மீற்றருக்கு 8. அன்டெனா கொடுத்த 9ல மிச்சம் 1. பொருத்தி முடிச்சு எல்லாரும் ரவுட்டரையே பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க, ஒரு கோடும் கூடல.

அன்டெனாக் கேபிளை 2 மீற்றருக்குள்ள நிப்பாட்டணும். ரவுட்டரைக் கூரை ஓரத்துக்கு, மழை படாத பெட்டிக்குள்ள கொண்டு போய், அங்கிருந்து வீட்டுக்குள்ள லேன் கேபிள் இழுக்கணும். லேன் கேபிள் 100 மீற்றர் வரைக்கும் ஒண்ணும் இழக்காது. அன்டெனா ரெண்டு இருந்தா ஒண்ணை 45 பாகை இடப்பக்கம், மற்றதை 45 பாகை வலப்பக்கம் சரிக்கணும். ரெண்டையும் நேரா நிப்பாட்டினா ஒண்ணுக்குக் காசு வீண்.

இன்னொண்ணு, கிட்ட இருக்கிற டவரைத்தான் பார்க்கணும்னு இல்ல. கிட்ட டவர் மேட்டுக்குப் பின்னால மறைஞ்சிருக்கும். நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற டவர் கண்ணுக்கு நேராத் தெரியும். தெரியுற டவர்தான் நம்ம டவர். அன்டெனாவைப் பத்துப் பாகை திருப்பு, அரை நிமிஷம் நில்லு, எஸ்ஐஎன்ஆரை எழுது. சுத்தி முடிஞ்ச பிறகு பெரிய எண் எங்க வந்துச்சோ அங்க இறுக்கு.

லிந்துலை:
பனி இறங்கினா நெட் போகுதே, அதுக்கு என்ன அன்டெனா?

பணியக்கணக்கு:
பனி இல்ல தம்பி. 1800ல மூடுபனி ஒண்ணும் செய்யாது. பனி இறங்குற நேரமும் ஊர்ல எல்லாரும் போனைத் தூக்குற நேரமும் ஒண்ணு, பொழுதுபட்டு ஏழிலிருந்து பத்து மணி. டவர் நெரியுது. நம்பலன்னா பனி மூடின விடியக்காலை 5 மணிக்கு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. ஆனா பெருமழைக்குப் பிறகு ஈர இலை கொஞ்சம் தின்னும், டவரைப் பார்க்குற வழியில மரம் நின்னா.

கரும்பலகை:
மேலே இரண்டு பேரும் "ஸ்பீடு வேணாம்" என்ற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். ஹட்டனில் ஸூமில் டியூஷன் நடக்கும் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். செப்புக் கம்பி லைன், ஏடிஎஸ்எல். இறங்கும் பக்கம் 12 எம்பிபிஎஸ், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏறும் பக்கம் 0.9.

மாலை 6.10. மிஸ் பின்னம் சொல்லிக் கொடுக்கிறார். பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) 38 மில்லிசெக்கன். வாசலில் சப்பாத்துக் கழற்றும் சத்தம். மூத்த மகன் கோயில் திருவிழாவுக்குப் போய் வந்திருக்கிறான். அவனுடைய போன் வைஃபையில் ஒட்டிய பத்தாவது செக்கனில் பிங் 1400. மிஸ்ஸின் குரல் ரோபோ குரலாகிவிட்டது. "மிஸ், கேக்கல மிஸ்" என்று இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில்.

திருவிழாவில் எடுத்த படங்களைப் போன் தானாக ஏற்றத் தொடங்கிவிட்டது. 200 படம், ஒன்று 4 எம்பி என்றால் 800 மெகாபைட். எட்டால் பெருக்கினால் 6,400 மெகாபிட். 0.9 எம்பிபிஎஸ்ஸில் ஏறி முடிய ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வகுப்பு ஒன்றரை மணி நேரம். இதற்கு ரவுட்டரை நிலைக்கு மேலே வைத்தால் தீருமா?

டிக்கோயா வயர்மேன்:
மிஸ், அது ஸ்பீடு பிரச்சினை இல்லை. வரிசைப் பிரச்சினை.

ரவுட்டருக்குள் ஒரு பெரிய காத்திருப்பு வரிசை இருக்கிறது. படம் ஏற்றும் போன் அந்த வரிசையை நிரப்பி வைக்கும், குரல் பொட்டலம் கடைசியில் போய் நிற்கும். 1400 மில்லிசெக்கன் என்பது அந்த வரிசையின் நீளம். இதைச் சரியாக்க ரவுட்டரில் எஸ்கியூஎம் என்ற, வரிசையை ஒழுங்காக்கும் வசதி வேண்டும். ஓப்பன்-டபிள்யூ-ஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருள் போடக்கூடிய பழைய ரவுட்டர் ஒன்று கிடைத்தால் போதும். இரவு 8 மணிக்கு மூன்று தடவை அப்லோட் அளவெடுங்கள், சராசரி வேண்டாம், மூன்றில் குறைந்ததை எடுங்கள். அதில் 90 வீதத்தை எஸ்கியூஎம் பக்கத்தில் அப்லோட் என்ற இடத்தில் எழுதுங்கள். டவுன்லோடுக்கும் அப்படியே. வரிசை முறையில் "கேக்" என்பதைத் தெரிவு செய்யுங்கள். லைன் வகையில் ஏடிஎஸ்எல் என்று கொடுக்க மறந்தால் கணக்கு பிழைக்கும், ஏனென்றால் ஏடிஎஸ்எல்லில் தகவல் 53 பைட் துண்டாகப் போகிறது, அதில் 5 பைட் தலைப்புக்கே போய்விடும். பிறகு ஒரு பெரிய ஃபைலை ஏற்றிக்கொண்டே பிங் பாருங்கள். 38 இருந்தது 60, 70க்குள் நின்றால் வேலை முடிந்தது. நிற்காவிட்டால் 90ஐ 85 ஆக்குங்கள்.

மாற்று ரவுட்டர் இல்லை என்றால், இருக்கிற ரவுட்டரில் பேன்ட்வித் கன்ட்ரோல் என்ற பக்கத்தில் அந்த ஒரு போனின் ஏறும் பக்கத்தை 0.2 எம்பிபிஎஸ்ஸுக்குக் கட்டிவிடலாம். அதுவும் இல்லையா, படம் ஏற்றுவதை போனிலேயே நிப்பாட்டி, படுக்கப் போகும்போது போடச் சொல்லுங்கள்.

4ஜி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்ய வேண்டாம். அங்கே வேகம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். 90 வீதம் என்பது எதில் 90 என்றே தெரியாது. அங்கே 60 வீதத்துக்குக் கட்டினால்தான் வரிசை குறையும், ஆனால் நல்ல நேரத்தில் கிடைக்கும் வேகமும் போகும்.

கரும்பலகை:
நன்றி அண்ணா, யாரும் கேட்காத பாடம். ஆனால் 0.9இல் 90 வீதம் 0.81. ஒருவருக்கு ஒருவர் 720பி அழைப்புக்கே ஸூம் இரண்டு பக்கமும் 1.2 கேட்கிறது. வரிசையை எவ்வளவுதான் ஒழுங்காக்கினாலும் ரோட்டில் ஓடுவது ஒரு பஸ்தானே. ஏறும் பக்கம் 5 எம்பிபிஎஸ் இருந்தால் மகனும் படம் ஏற்றுவான், மிஸ்ஸும் பின்னம் சொல்லுவார். பெக்கேஜ் விளம்பரத்தில் ஏறும் பக்கத்தை மட்டும் சின்ன எழுத்தில் போடுவது ஏன் என்று யோசியுங்கள்.

டிக்கோயா வயர்மேன்:
அதை ஒத்துக்கொள்கிறேன். ஏறும் பக்கம் வேறு வழக்கு.

ராகலை:
இங்கே யாரும் மாதத்துக்குக் கிடைக்கும் ஜிபி அளவு பற்றிப் பேசவில்லையே. நம்ம நாட்டில் பல வீடுகளில் முதலில் முடிவது ஜிபிதான்.

உடப்புசல்லாவ ரோட்டில் ஒரு வீடு. வேகம் கூடிய பெக்கேஜுக்கு மாறினார்கள், ஜிபி அதேதான். முன்பு 26ஆம் திகதி வரை ஓடியது, மாறிய மாதம் 11ஆம் திகதியே முடிந்தது. கம்பெனி களவெடுக்கிறது என்று தாத்தா ரிசீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் காட்டுகிறார்.

களவெடுத்தது டிவி. லைன் மெதுவாக இருந்தபோது யூடியூப் தானாகவே 480பியில் ஓடியது, ஏறக்குறைய 1.1 எம்பிபிஎஸ். மணிக்கு அரை ஜிபி. லைன் வேகமானதும் தானாகவே 1080பிக்கு ஏறிவிட்டது, 5 எம்பிபிஎஸ். கணக்கு: 5ஐ 3,600 செக்கனால் பெருக்கி எட்டால் வகுத்தால் 2,250 மெகாபைட், அதாவது மணிக்கு 2.25 ஜிபி. நாளைக்கு நாலு மணி நேரம் நாடகம் பார்த்தால் முன்பு 2, இப்போது 9. அதிலும் பாட்டி தூங்கிய பிறகு டிவி தானே அடுத்ததைப் போட்டுக்கொண்டு விடிய விடிய ஓடுகிறது.

ஆட்டோப்ளேயை நிப்பாட்டணும். போன் செயலியில் வீடியோத் தரத்துக்குப் போய் "டேட்டா சேவர்" போடலாம். டிவியில் ஒவ்வொரு வீடியோவுக்கும் போட வேண்டி வரும், அது நடக்காத வேலை. சுலபமான வழி, மேலே வயர்மேன் சொன்ன அதே பேன்ட்வித் கன்ட்ரோலில் டிவிக்கு மட்டும் 2 எம்பிபிஎஸ் கட்டுவது. டிவி தானே 480க்கு இறங்கிவிடும். 32 இன்ச் டிவியை எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும் பாட்டிக்கு வித்தியாசம் தெரியாது. நெட்ஃபிளிக்ஸ் கேட்பதும் 1080பிக்கு 5, 4கேக்கு 15. வீட்டில் 4கே டிவி இல்லாமல் 100 எடுத்து என்ன செய்வது?

லுணுகலை ரோட்:
100ஆ 300ஆ என்பது டவுன்காரர் பேச்சு. 2021இல் இங்க போகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் டீச்சர்மாரும் சிக்னல் தேடி காட்டுக்குள்ளால மூணு கிலோமீற்றருக்கு மேல ஏறி, ஒரு பாறை உச்சிக்குப் போய்த்தான் ஒன்லைன் பாடம் எடுத்தாங்க. அன்றைக்குப் பாடம் என்றால் சில எம்பி பிடிஎஃப், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. விடாமல் கிடைக்கிற 1 எம்பிபிஎஸ் போதும். அந்த ஒன்றும்கூட அப்போது வீட்டில் இருக்கவில்லை.

பண்டாரவளை:
சாட்டலைட் பற்றி ஒருவரும் எழுதாததால் எழுதுகிறேன். ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இங்கே வந்தது. டவர் மறையும் பள்ளத்துக்கு நல்ல வழி, 550 கிலோமீற்றர் உயரம்தான், பிங்கும் குறைவு. ஆனால் வானம் வேண்டும். ஹப்புத்தளைப் பக்கம் பார்த்த இடத்தில் ஸ்பீட் டெஸ்ட் 180 காட்டுகிறது, வாட்ஸ்அப் கோல் மட்டும் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை அறுகிறது. செயலியில் தடைப் படத்தைத் திறந்தால் வானத்தின் ஒரு ஓரம் முழுக்கச் சிவப்பு. வீட்டுக்குப் பின்னால் டர்பன்டைன் மரம் வரிசையாக நிற்கிறது. சாட்டலைட் அந்த மரத்துக்குப் பின்னால் போகும் ஒவ்வொரு தடவையும் கோல் போகும். டிஷ்ஷைக் கூரை முகட்டுக்கு ஏற்றிய பிறகு சிவப்பு முக்கால்வாசி போய்விட்டது.

கரண்ட் கணக்கையும் பாருங்கள். 75 வொட் என்று வைத்தாலும் 24 மணி நேரம், 30 நாள், 54 யூனிட். பெருமழைக்குக் கொஞ்ச நேரம் போய்த் திரும்பும். பணியக்கணக்கு சொன்னது 1800க்குச் சரி. இது 10 கிகாஹேர்ட்ஸுக்கு மேலே, மழை உறிஞ்சும்.

பதுளை ஃபைபர்:
சின்னதாக ஒன்று. ஃபைபர் லைன், பகலில் ஓடும், ராத்திரி குளிருக்கு விட்டு விட்டு எல்ஓஎஸ் (ஒளி வரவில்லை என்ற) சிவப்பு விளக்கு. மூன்று ரவுட்டர் மாற்றிவிட்டார்கள். ஃபைபரில் வரும் ஒளி அளவு -29 டிபிஎம். பெரும்பாலான பெட்டிக்கு -27க்குக் கீழே போகவே கூடாது.

சிவப்பு லேசர் பேனாவைக் குத்திவிட்டு லைட்டை அணைத்தோம். ஜன்னல் சட்டத்தில், பெயின்டுக்கு அடியில், ஒரு ஆணியைச் சுற்றி மடக்கின இடத்தில் மட்டும் கேபிள் தணல் மாதிரிச் சிவப்பாக எரிகிறது. வீட்டு நெட் முழுக்க அந்த மடிப்பால் சுவருக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. மடிப்பை விட்டவுடன் -21.

லிந்துலை:
பச்சைத் தலை கனெக்டரை நீலத்தில குத்தினாலும் இப்படி வருமா?

பதுளை ஃபைபர்:
வரும். பச்சையின் முகம் 8 பாகை சரிவாக வெட்டினது, நீலம் தட்டை. இரண்டும் ஒட்டாது, நடுவில் காற்று நிற்கும். மிச்சக் கேபிளை மடக்கி ரப்பர் பேண்ட் போடாதீங்க. சோத்துத் தட்டளவு வட்டமாகச் சுற்றி, தளர்வாகத் தொங்க விடுங்க. ஆணி அடிக்கிற கிளிப் வேணாம், ஒட்டுற கிளிப் வாங்குங்க. ஈரச் சுவர் என்றால் அது ஒட்டாது, முதல்ல உப்புத்தாள் போட்டுத் துடைச்சு ஒருநாள் காய விடணும்.