ஆயில் பேன்: எண்ணெய்ச் சட்டி பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழாக்கும் படகு என்ஜின் கையேட்டில் வரும் 'ஆயில் பேன்', அதாவது என்ஜினின் அடியில் எண்ணெயைத் தாங்கி நிற்கும் பாத்திரம், என்பதற்கு நம் மடல்களில் எண்ணெய்க்கலம், எண்ணெய்த் தொட்டி, எண்ணெய் மடி என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. கலம் நல்ல சொல்தான், ஆனால் பேச்சு படகைப் பற்றியது. அங்கே கலம் என்றாலே படகு, கப்பல். 'எண்ணெய்க்கலத்தைக் கழற்றவும்' என்று படிப்பவர் எண்ணெய்க் கப்பலை நினைத்தால் அவர்மேல் தவறில்லை. தொட்டியோ டீசல் தொட்டியோடு குழம்பும். மடி எனக்கு மிகவும் பிடித்தது. வழிந்து இறங்கும் எண்ணெயை என்ஜின் மடியில் வாங்கிக்கொள்கிறது, எவ்வளவு அழகு! ஆனால் 'மடி விளிம்பு' என்று எழுதிப் பார்த்தேன். மடித்த விளிம்பு என்றுதான் படிக்கிறது.

நான் சொல்வது எண்ணெய்ச் சட்டி. சமையலறை வாடை அடிக்கிறது என்று சென்ற மடலில் ஒருவர் எழுதியிருந்தார். அடிக்கட்டும். அகன்ற வாய், சுற்றிலும் விளிம்பு, தனியே எடுத்து மாற்றக்கூடிய பாத்திரம், இது சட்டி அல்லாமல் வேறென்ன?

என் படகில் அதை மாற்றியபோது இந்தச் சொல் தானாகவே வாயில் வந்தது. படகின் அடியில் தேங்கும் உப்புத்தண்ணீர் சட்டியின் அடிப்புறத்தை வெளியிலிருந்தே அரித்துவிட்டது. நகத்தால் சுரண்டினேன், பெயின்டோடு துருவும் செதில் செதிலாக உதிர்ந்து, அந்த இடத்தில் எண்ணெய் முத்து முத்தாகக் கசிந்தது. அடியில் கை நுழையவே இடமில்லாததால் என்ஜினையே தூக்கித்தான் கழற்ற முடிந்தது. இவ்வளவு பாடுபட்ட பிறகு பொருந்தாத சட்டியை வாங்கிவிட்டால் எல்லாம் வீண். செவ்ரோலெட் 5.7 லிட்டர் என்ஜினில் 1986 வாக்கில், எண்ணெய் கசியாமல் தடுக்கும் பின்பக்க ஆயில் சீல் இரு துண்டிலிருந்து ஒரே வளையமாக மாறியது. அதோடு சட்டியும் மாறிவிட்டது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

அப்புறம், 'சம்ப்' என்பதைத் தனியாகப் பிரிக்க வேண்டும். பேச்சில் பலர் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறார்கள், ஆனால் சட்டியில் ஆழமாக இறங்கும் பகுதிதான் சம்ப். அதைக் குழி என்போம். குழி முன்னால் இருந்தால் முன்குழிச் சட்டி, பின்னால் இருந்தால் பின்குழிச் சட்டி. எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாய் குழியின் அடியிலிருந்து சில மில்லிமீட்டர் மட்டுமே விலகி நிற்கும். குழியின் ஆழம் மாறினால் பம்பு காற்றை உறிஞ்சும், இல்லையென்றால் வாய் அடியில் முட்டி அடைபடும். எண்ணெய் மட்டம் பார்க்கும் அளவுக்கோலும் சட்டிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

சரி, கையேட்டு வாக்கியங்களில் போட்டுப் பார்ப்போம் (கேஸ்கெட் என்பது கசியாமலிருக்க இரண்டு பாகங்களுக்கு நடுவே வைப்பது):

'சட்டி விளிம்பில் ஒட்டியுள்ள பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுக்கவும்.'

'திருகுத் துளைகளைச் சுற்றித் தகடு குழிந்திருந்தால் சுத்தியலால் தட்டிச் சமப்படுத்தவும்.'

'சட்டித் திருகுகளை நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி, இருபுறமும் மாறி மாறி முடுக்கவும்.'

எங்கும் இடறவில்லை. இரண்டாவது வாக்கியத்தில் மட்டும் 'குழிந்திருந்தால்' நம் 'குழி'யோடு மோதுகிறது. 'உட்புறம் அமுங்கியிருந்தால்' என்று மாற்றிவிடலாம். அளவுக்கு மீறி முடுக்கினால் நேர்வதும் அதுதான், விளிம்பு அமுங்கி அங்கேயே கசியும்.

கேஸ்கெட்டுக்கு 'அடைபட்டை' என்று எழுதலாமா? ரப்பரில் வருவதற்கு அது பொருந்துகிறது. தக்கையில் வருவதற்கும் பொருந்துமா என்று வேலை செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.