பொருள்: 'குருதியுறை எதிர்ப்புப் பூச்சு' சரிதானா?

அனைவருக்கும் வணக்கம்.

உயர்தர உயிரியல் மாணவர்களுக்கான சொற்பட்டியலில் ஒரு பதம் இடறுகிறது. செயற்கை இதய வால்வு, ஸ்டென்ற் (இரத்தக்குழாயை விரித்துப்பிடிக்கும் வலைக்குழாய்), கதீற்றர் (உடலுக்குள் செருகும் குழாய்) போன்றவற்றில் இரத்தம் கட்டிபடாமல் இருக்கப் பூசுகிறார்களே, அதற்கு 'நீடித்துழைக்கும் குருதியுறை எதிர்ப்புப் பூச்சு' என்று போட்டிருக்கிறேன். நீளம்தான். வேறு யோசனை உண்டா?

— உயிரியல் ஆசிரியர், கிளிநொச்சி

*

சேர், வணக்கம்.

'குருதியுறை' என்று சேர்த்தெழுதினால் பிள்ளைகள் அதையும் இதயவுறை மாதிரி ஒரு உறை என்று நினைப்பார்கள். அது சின்னச் சிக்கல். எனக்கு உதைப்பது 'எதிர்ப்பு'. ஹெப்பரின், வார்பரின் மருந்துகளைத்தான் உறையெதிரி என்கிறோம். பூச்சுகளில் சில அந்த வேலையைச் செய்வதே இல்லை.

நான் இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் வவுனியாவில் எத்தனை வீடுகளுக்குள் புகுந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கழுத்துக் கதீற்றரோடு வருபவருக்கு, முடிந்து போகும்போது சிவப்பு, நீலக் குழாய் இரண்டிலும் ஹெப்பரின் நிரப்பிப் பூட்டி அனுப்புவோம். அடுத்தமுறை அதை உறிஞ்சியெடுத்து வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்தால், சில நாள் கரும்சிவப்பாய்ப் புழுப்போல் ஒரு துண்டு கிடக்கும். பூட்டிவைத்த ஹெப்பரினையும் மீறி வந்த கட்டி அது.

இரத்தம் சும்மா உறைவதில்லை. எருமைப்பாலுக்கு உறைமோர் விடுகிறோமே, உள்ளே போகும் பிளாஸ்ரிக்கும் அப்படித்தான். பட்ட நொடிகளிலேயே பைபிரினோஜன் போன்ற புரதங்கள் அதில் படியும். அவற்றைப் பிடித்துக்கொண்டு குருதிச் சிறுதட்டுகள் ஒட்டும். அப்புறம் துரொம்பின் என்ற நொதி உருவாகி, பைபிரின் என்ற புரத இழைகளால் வலை பின்னிவிடும். ஆகவே பூச்சுக்கு இரண்டு வழி. ஒன்று, உறைதலைக் குறுக்கே நின்று தடுப்பது. ஹெப்பரின் பூச்சு அந்த வகை. மற்றது, புரதமே படியவிடாமல் நீரை இழுத்துவைத்துக்கொள்ளும் பொலிமர் பூச்சு, அல்லது மேலே வழுக்கும் திரவப் படலம். இது உறைதலைக் குறுக்கே நின்று தடுப்பதில்லை, தூண்டாமல் இருக்கிறது, அவ்வளவுதான். முதலாவதை 'உறைதடைப் பூச்சு' என்றும் இரண்டாவதை 'உறைதூண்டாப் பூச்சு' என்றும் பிரிக்கலாமே.

நீடித்துழைப்பதுதான் உண்மையான தலையிடி. 1963இல் அமெரிக்காவில் வின்சென்ற் கொற் குழுவினர் கிராபைற் பரப்பில் ஹெப்பரினைப் பிடித்துவைத்தார்கள். அது மின்னேற்றக் கவர்ச்சியில் நின்றது. அப்படி நிற்பதை ஓடும் இரத்தம் மெல்ல மெல்லக் கழுவிவிடும். 1980களில் சுவீடன்காரர் ஹெப்பரின் மூலக்கூற்றின் ஒரு நுனியை மட்டும் பங்கீட்டுப் பிணைப்பால் பரப்போடு கட்டினார்கள். மற்றப் பகுதி இரத்தத்துக்குள் ஆடிக்கொண்டிருக்கும். இரத்தத்தில் வரும் அன்ரித்துரொம்பின் என்ற உறைதடுப்புப் புரதத்தைப் பிடித்துத் துரொம்பினை முடக்கவைத்து விட்டுவிடும், தான் செலவாகாது. திரவப் படலத்தில் 2014இல் ஹார்வர்டின் வைஸ் நிறுவனம் பன்றிகளில் ஹெப்பரின் கொடுக்காமலே 8 மணித்தியாலம் கட்டி வராமல் காட்டியது. நல்ல விஷயம். ஆனால் எங்கள் ஆட்களின் கழுத்தில் குழாய் கிடப்பது வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில். வால்வு என்றால் ஆயுள் முழுக்க; உலோக வால்வு வைத்தவர் இன்றைக்கும் வார்பரினை விடமுடியாது.

'நீடித்துழைக்கும்' என்பதற்குப் பதில் 'நின்றுபிடிக்கும்' என்றால் என்ன? எங்கள் வாயில் இருக்கிற சொல்தானே.

— தாதி உத்தியோகத்தர், வவுனியா

*

தங்கச்சி சொல்வதில் நியாயம் உண்டு. 'உறைதூண்டா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வல்லினம் மிகும், ஒற்றை விட்டுவிடாதீர்கள். 'நின்றுபிடிக்கும்' பேச்சில் அழகு, பட்டியலில் வேண்டாம். 'நிலைத்த' போதும்.

— தமிழாசிரியர் (ஓய்வு), மாங்குளம்

*

ஐயா, 'நிலைத்த' என்றால் அசையாமல் இருப்பது என்றும் படும். பிணைப்பு இறுகியிருப்பது வேறு, ஆண்டுக்கணக்கில் வேலை செய்வது வேறு. இறுகிப் பிணைந்த ஹெப்பரின் மேலேயும் நாளடைவில் புரதம் படிந்து மூடிவிட்டால் அது இருந்தும் பயனில்லையே. நான் 'நின்றுபிடிக்கும்' பக்கம்.

உறைதடை, உறைதூண்டா இரண்டையும் தனித்தனிப் பதிவாக இடுகிறேன். மிஸ்ஸி, நைத்திரிக் ஒட்சைட்டைக் கசியவிடும் பூச்சு எதற்குள் வரும்? இரத்தக்குழாயின் உட்படை செய்வதைப் போலச் சிறுதட்டுகளை ஓயவைக்கிறது. உறைதடையில்தான் போட நினைக்கிறேன், மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

— உயிரியல் ஆசிரியர், கிளிநொச்சி