அந்த இடத்தில் சின்னச் சின்னப் பருக்கள்: கடலூர், புதுச்சேரி ஆண்களின் அனுபவங்கள்

லாஸ்பேட்டைக்காரன்:
கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். ஆணுறுப்பின் மொட்டு விளிம்பைச் சுற்றி, ரவை அளவில் வரிசையாகப் பருக்கள். அரிப்பு, வலி எதுவும் கிடையாது. மொபைலில் தேடினால் மருக்களின் படமாக வந்து தூக்கமே போய்விட்டது. ஜிப்மர் தோல் பிரிவுக்குப் போனேன். டாக்டர் லைட் வைத்த லென்ஸில் பார்த்துவிட்டு, "இது பெர்லி பினைல் பப்யூல்ஸ், நோயே கிடையாது. வாலிப வயதில் நிறைய பேருக்கு வரும், வயதாக ஆக மங்கும், யாருக்கும் ஒட்டாது" என்றார்.

மருவிலிருந்து இதை எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். இது ஒரே அளவில், ஒழுங்கான வரிசையில், மாதக்கணக்கில் அப்படியே இருக்குமாம். மரு ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, சொரசொரப்பாக இருக்கும். எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போகும். சந்தேகமிருந்தால் டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும். சீட்டில் மருந்தே எழுதவில்லை. கூட வந்த மாமா பையனுக்கு அதில்தான் கோபம். "இதுக்கா லீவு போட்டோம்?" என்றான்.

மஞ்சக்குப்பம் மெடிக்கல்:
நான் கடையில் கவுன்டரில் நிற்பவன். இந்த விஷயத்துக்கு வருபவர்கள் பெண்கள் யாரும் இல்லாத நேரம் பார்த்து வருவார்கள். என்ன பிரச்சினை என்று சொல்லமாட்டார்கள், "அரிப்புக்கு ஒரு ட்யூப்" என்பார்கள். அவர்கள் கேட்கும் கலவை ட்யூப்கள் பலவற்றில் குளோபெட்டசால் இருக்கும். வீரியமான ஸ்டீராய்டு அது. அந்த இடத்துத் தோல் மெல்லியது, மருந்தை வேகமாக இழுத்துக்கொள்ளும். ரெண்டு நாளில் அரிப்பு அடங்கியதும் "சூப்பர் மருந்துப்பா" என்று நண்பனுக்கும் வாங்கிப் போவார்கள். உண்மையில் படையாக இருந்தால் அது வெளியே தெரியாமல் பரவும். தோல் மெலிந்து வரி விழும். சீட்டு இல்லாமல் தராதே என்று எங்கள் முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தரவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகிறார்கள், என்ன செய்ய?

துறைமுகத்து ஆள்:
எனக்கு வந்தது சொறி. விசைப்படகில் நாள் கணக்கில் தங்கும்போது எல்லோரும் நெருக்கிக்கொண்டுதான் படுக்கணும், பாயும் போர்வையும் பொது. பகலில் சும்மா இருக்கும், ராத்திரி படுத்ததும் பிடுங்கி எடுக்கும். விதைப்பையிலும் உறுப்பின் தோலிலும் பச்சைப்பயறு அளவுக்குச் சிவப்பு முடிச்சுகள். உப்புத்தண்ணி பட்டு வந்தது என்று கூட வேலை செய்பவர்கள் சொன்னார்கள். வீட்டுக்காரி நேராகவே கேட்டாள், "எங்க போயிட்டு வந்த?"

முதுநகரில் ஒரு தோல் டாக்டரிடம் அவளையும் கூட்டிக்கொண்டே போனேன். லுங்கியில் கை வைத்தேன். அவர், "இருப்பா, முதல்ல கையைக் காட்டு" என்றார். விரலிடுக்கில் நூல் மாதிரி மெல்லிய கோடு. பூச்சி தோலுக்குள் குடைந்துபோன தடம் அது. மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் பார்த்தார், அப்புறம்தான் மற்றது. "உறவில் ஒட்டும், சும்மா ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டும்" என்றார் அவளைப் பார்த்து. எங்கள் சின்னப் பெண்ணின் விரலிடுக்கிலும் அதே கோடு இருந்ததால் வீட்டில் சண்டை அன்றோடு தீர்ந்தது.

5 சதவீத பெர்மெத்ரின் க்ரீம். ராத்திரி கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நக இடுக்கு விடாமல் பூசி, காலையில் குளிக்கணும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். முக்கியமானது, வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில் பூசணும், அரிப்பு இல்லாதவர்களும்தான். முதல்முறை ஒட்டியவருக்கு அரிப்பு தொடங்கவே சில வாரம் ஆகுமாம். துணிகளை வெந்நீரில் அலசி வெயிலில் போட்டோம். துவைக்க முடியாததை மூட்டை கட்டி ஓரமாக வைத்தோம். மனித உடம்பை விட்டால் அந்தப் பூச்சி ரெண்டு மூணு நாள்தான் தாங்கும். பூச்சி செத்த பிறகும் முடிச்சுகள் வாரக்கணக்கில் இருந்து அரித்தன. அதைப் பார்த்துத் திரும்பத் திரும்ப க்ரீம் பூசாதீர்கள், அதற்குத் தனி மருந்து தந்தார்.

வில்லியனூர் 92:
என்னுடையது சப்பை மேட்டர். தோலை இழுத்தால் மட்டும் தெரியும் மஞ்சள் வெள்ளைப் புள்ளிகள். எண்ணெய்ச் சுரப்பிகளாம், ஃபோர்டைஸ் புள்ளி என்று பெயர். என் மேலுதட்டு ஓரத்திலும் அதேதான். பிதுக்கவேண்டாம் என்றார்கள், அவ்வளவுதான்.

பைபாஸ் வண்டி:
எனக்கு நிஜமாகவே மரு. எச்பிவி வைரஸ், பெரும்பாலும் அதில் 6, 11 என்ற வகைகள்தான் இதைக் கொண்டுவருமாம். ஒட்டி மாதக்கணக்கில் கழித்துக்கூட வெளியே வரும் என்பதால் யாரிடமிருந்து, எப்போது என்று துருவுவதில் பிரயோஜனம் இல்லை. கடலூர் ஜி.எச்.சில் டாக்டரே மருந்து தொட்டுவைத்தார். சில தடவை போகவேண்டியிருந்தது, போனது ஒன்று திரும்பவும் வந்தது. காலாணிக்குப் போடும் மருந்தை இதற்குப் போடாதே என்று முதலிலேயே சொன்னார்கள். நம்பிக்கை மையத்தில், அதாவது அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில், ரத்தப் பரிசோதனை இலவசம். மனைவிக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் செய்யச் சொன்னார்கள். இந்த மருவால் புற்றுநோய் வராது, ஆனால் புற்றுநோய் கொண்டுவரும் வேறு வகை எச்பிவியும் கூடவே இருக்கலாம் என்பதால்.

சிப்காட் நைட் ஷிப்ட்:
அண்ணே, எனக்குப் பரு மாதிரி ஒன்று வந்து புண்ணாச்சு. வலியே இல்லை. தானாகவே ஆறிடுச்சு. அப்படியே விட்டுடலாமா?

ஓய்வுபெற்ற லேப்:
விடாதே தம்பி. வலியுள்ள சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக வந்தால் அது ஹெர்ப்பிஸ் பக்கம். வலியில்லாத ஒற்றைப் புண் சிபிலிஸ் என்ற பால்வினை நோயாக இருக்கலாம். அது சில வாரத்தில் தானாக ஆறும், கிருமி மட்டும் உடம்பில் தங்கிவிடும். சிபிலிஸுக்கான விடிஆர்எல் ரத்தப் பரிசோதனை எடு, கூடவே எச்.ஐ.வி.யும். சிபிலிஸ் என்று வந்தால் பென்சிலின் ஊசியில் சரியாகும், கூட இருந்தவரையும் பார்க்கணும். அதுவரை உறவு வேண்டாம். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097க்குப் போன் போடு, கட்டணம் கிடையாது.

சிப்காட் நைட் ஷிப்ட்:
சரிண்ணே. இந்த வாரம் பகல் ஃப்ரீதான், போறேன். சாப்பிடாமப் போகணுமா?

ஓய்வுபெற்ற லேப்:
வேண்டாம், சாப்பிட்டுட்டே போ.