அப்பாவை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனது

அம்மா இறந்த அன்று வீட்டில் எல்லோரும் தேடியது அம்மாவின் படத்தைத்தான். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், பிளெக்ஸ் அடிக்கிற ஆள் வந்து நிற்கிறார், எங்களிடம் இருந்ததோ ஆதார் அட்டைப் படமும், அத்தை மகன் கல்யாண ஆல்பத்தில் ஓரமாக நின்ற ஒரு படமும். ஆல்பத்தில் இருந்ததை வெட்டிப் பெரிதாக்கினார்கள். அம்மாவின் தோளுக்குப் பின்னால் யாருடைய முழங்கையோ தெரியும். இரண்டு வருடமாக அந்த முழங்கையோடுதான் அம்மா கூடத்தில் இருக்கிறார்.

அப்பாவுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று அவருக்கு 75 முடிந்ததும் ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டேன். "இப்ப எதுக்கும்மா? மாலை போடவா?" என்றார். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவர். "நீங்க பார்க்கத்தான்பா, உங்க கையாலயே ஆணி அடிச்சு மாட்டுங்க" என்றேன். ஒரு மாதம் கழித்துச் சரி என்றார்.

முதல் தடவை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில்தான் முடி வெட்டி, சாயம் பூசி, புதுப் பட்டுச் சட்டை போட்டுவிட்டேன். கடையில் முகம் நிறைய பவுடர். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பிரிண்ட் வந்தபோது அப்பா நாலு மடங்கு வெளுத்திருந்தார். இடது கன்னத்து மச்சத்தைக் காணோம். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "யாரும்மா இது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை ரொம்பவே வருத்தியது. தப்பில் பாதி என்னுடையது. அவரை நான்தான் வேறு ஆளாக ஆக்கிக் கூட்டிப் போயிருந்தேன்.

அடுத்த தடவை வேறு ஸ்டுடியோ. முதலில் நான் மட்டும் போய்ப் பேசினேன். "நிறத்தைத் தொடாதீங்க தம்பி, மச்சத்தைத் தொடாதீங்க" என்று முன்கூட்டியே சொன்னேன். "அப்பா தினமும் என்ன போடுவார்?" என்று அந்தத் தம்பி கேட்டது பிடித்திருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை என்றேன். அப்படியானால் வெள்ளைத் திரை வேண்டாம், தோள் எங்கே முடிகிறது என்றே தெரியாது, சாம்பல் நிறத் திரை போடலாம் என்றார். பொடிக் கட்டம் போட்ட சட்டையையும் தவிர்க்கச் சொன்னார். கேமராவில் அது அலை அலையாகக் கோடு விழுமாம்.

முடி வெட்டி ஒரு வாரம் விட்டுத்தான் போனோம். அன்றைக்கே வெட்டினால் காதோரமும் பிடரியும் வெளுத்துத் தெரிகிறது. சாயம் இல்லை. பவுடரும் இல்லை, பிளாஷ் வெளிச்சத்தில் அது சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடுகிறது. நெற்றி எண்ணெயைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்ததோடு சரி. முகூர்த்த நாளாகவும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன், அன்றைக்கு ஸ்டுடியோக்காரர்கள் பாதிப் பேர் மண்டபத்தில் இருப்பார்கள். டிபன் சாப்பிட்டு, பிரஷர் மாத்திரை போட்டு, பத்து மணிக்குப் போனோம். வயதானவர்களை மாலையில் கூட்டிப் போகாதீர்கள், முகத்தில் களைப்பு வந்து உட்கார்ந்துவிடும்.

உங்கள் வீட்டில் எப்படி எடுத்தீர்கள்? எழுதுங்கள். படம் எடுத்த அன்று நடந்ததை அப்புறம் சொல்கிறேன்.

* * *

அக்கா, நான் திருநெல்வேலிப் பக்கம் 20 வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். வெளுப்பாக்கும் வேலை எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்கிறேன். வெள்ளைத் திரைக்கு முன்னால் மாநிறமோ கறுப்போ ஒருவரை உட்காரவைத்து கேமராவைத் தானியங்கியில் விட்டால், அது திரையின் வெளிச்சத்தைப் பார்த்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். அப்புறம் கம்ப்யூட்டரில் முகத்தின் வெளிச்சத்தைத் தூக்குவார்கள். தூக்கத் தூக்க நிறம் போகும். முகத்துக்கு அளந்து வெளிச்சம் வைத்தால் அந்த வேலையே வேண்டாம். கறுப்புத் தோலில் வெளிச்சம் விழுகிற அழகுக்கு ஈடே இல்லை, அதை அழிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கண்ணாடி போடுகிறவர்களைக் கழற்றச் சொல்லாதீர்கள். விளக்கைக் கொஞ்சம் உயர்த்தி, கண்ணாடிக் காம்பைக் காதிலிருந்து ஒரு நூல் மேலே தூக்கிவிட்டால் பளபளப்பு விலகிவிடும். செல்போனைப் பக்கத்தில் நீட்டி எடுத்தால் மூக்கு பெரிதாகத்தான் தெரியும். நான் 85 எம்.எம். லென்ஸ் போட்டு இரண்டு மீட்டர் தள்ளித்தான் நிற்பேன்.

இன்னொன்று, பைலை வாட்ஸ்அப்பில் படமாக வாங்காதீர்கள், சுருங்கிவிடும். 12க்கு 18 இஞ்ச் பிரிண்ட் போட 3600க்கு 5400 பிக்சல் இருந்தால் நன்றாக வரும். பென் டிரைவ் கொண்டுபோய் முழுசாக வாங்கி வையுங்கள்.

* * *

நான் கோயம்புத்தூர். அலுவலகத்துக்காக எடுத்த படம் என்னுடையது. கோட் போட்டால்தான் மதிப்பு என்று தோழியின் கோட்டை வாங்கிப் போட்டேன். தோளில் நிற்கவில்லை, அதைச் சரிசெய்வதிலேயே முகம் இறுகிவிட்டது. பையில் மாற்றுத்துணியாக நான் வழக்கமாகக் கட்டும் நெகமம் காட்டன் சேலை இருந்தது. கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் மூச்சு சீரானது. அந்தப் படத்தைத்தான் கொடுத்தேன்.

* * *

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 1995 போர்க்கால இடப்பெயர்வில் வீட்டு அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. அம்மம்மாவின் முகம் இப்போது எங்களிடம் அவருடைய அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் மங்கி. போன வருடம் அம்மாவை ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அம்மா அந்த அட்டையைக் கைக்குள் பொத்திக்கொண்டு இருந்தார். எடுத்து வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படத்தில் கை மூடியபடிதான் இருக்கிறது. மூன்று பிரதி எடுத்து மூன்று பிள்ளைகளின் வீட்டிலும் வைத்திருக்கிறோம்.

* * *

மேலே எழுதிய எல்லோருக்கும் நன்றி. யாழ்ப்பாணத்துச் சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை.

ஸ்டூலில் உட்காரவைத்ததும் அப்பா பஸ் பாஸுக்கு உட்காருகிற மாதிரி விறைத்துவிட்டார். அந்தத் தம்பி சிரிக்கச் சொல்லவில்லை. "ஐயா, கண்டக்டரா இருந்தீங்களாமே, எந்த ரூட்?" என்று கேட்டார். "கும்பகோணம் தஞ்சாவூர்" என்றார் அப்பா. "எங்கெங்க நிக்கும்?" என்றதும் அப்பா ஆரம்பித்தார். தாராசுரம், பாபநாசம், அய்யம்பேட்டை... அய்யம்பேட்டைக்கு வரும்போது குரல் மாறிவிட்டது. தாடை நிமிர்ந்தது, தோல்பை இருந்த இடத்துக்கு இடது கை தானாகப் போனது. தஞ்சாவூர் வருவதற்குள் தம்பி ஏழெட்டுப் படம் எடுத்துவிட்டார்.

மச்சம் இருக்கிறது. நிறம் அவருடைய நிறம். அப்பாவே ஆணி அடித்து அம்மாவுக்குப் பக்கத்தில் மாட்டினார். தள்ளி நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அந்தத் தம்பிகிட்ட உங்கம்மா படத்தைக் குடுத்து, பின்னாடி இருக்கிற முழங்கையை மட்டும் எடுக்கச் சொல்லேன்" என்றார்.

நாளைக்குக் கொண்டுபோகிறேன்.