அட்டை போடாத சொற்கள்

வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வின் ஆங்கிலச் சொற்களோடு பட்ட பாட்டை மூன்று பேர் சொல்கிறோம். முதலில் நான். முதல்முறை எழுதியபோது வெர்பலில், அதாவது ஆங்கில மொழித்திறனில், 149 வாங்கினேன். 130-இல் தொடங்கி 170-இல் முடியும் அளவில் அது எந்த லட்சணம் என்று எழுதியவர்களுக்குப் புரியும். இத்தனைக்கும் வெறுங்கையோடு போகவில்லை. நான்கு மாதம், நாளுக்கு இருபது சொல் வீதம் உருப்போட்டிருந்தேன். அட்டையின் முன்பக்கம் சொல், பின்பக்கம் ஒரே ஒரு பொருள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

என்னைக் கவிழ்த்தவை அந்த அட்டைகளில் இருந்த முரட்டுச் சொற்கள் இல்லை. சின்ன வயதிலிருந்தே தெரிந்தவை என்று நான் அட்டையே போடாத சொற்கள். அங்கே வந்த கேள்வியைச் சொல்லக் கூடாது. அதே சாயலில் நானே ஒன்று கட்டிச் சொல்கிறேன். ‘புதிய தரவு வந்ததும் ஆய்வாளர் தன் கூற்றை குவாலிஃபை செய்தார்.’ குவாலிஃபை என்றால் தகுதி பெறுவது என்றுதான் மண்டையில் இருந்தது. கூற்று எங்கே போய்த் தகுதி பெறும்? இங்கே அதற்குப் பொருள், ‘எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது’ என்று சொன்னதற்கு ஒரு வரம்பு கட்டுவது. ஃபிளாக் கொடி மட்டுமில்லை, ஊக்கம் தளர்வதும்தான். டெம்பர் வினைச்சொல்லாக வந்தால் கோபத்துக்கு அங்கே வேலையில்லை; மட்டுப்படுத்துவது என்று பொருள். ஒரு கட்டுரையை பெடஸ்ட்ரியன் என்றால் அது சப்பென்று இருக்கிறது. சாங்ஷன் இன்னும் மோசம்: அனுமதிப்பதும் அதுதான், தண்டனையாகத் தடை போடுவதும் அதுதான்.

முதல் பகுதியில் எப்படிச் செய்கிறோமோ அதைப் பார்த்துத்தான் இரண்டாம் பகுதியின் கடினம் அமையும். எனக்கு இரண்டாம் பகுதி லேசாக இருந்தது. ரொம்பச் சந்தோஷப்பட்டேன். வெளியே வந்த பிறகுதான் அது ஏன் லேசாக இருந்தது என்று உறைத்தது.

திரும்ப எழுத 21 நாள் இடைவெளி போதும். நான் மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். பழைய அட்டைகளைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. ஃப்ரூகல், பார்சிமோனியஸ் இரண்டுக்கும் பின்பக்கத்தில் ‘குறைவாகச் செலவழிப்பவர்’ என்றே எழுதியிருந்தேன். சிக்கனமும் கஞ்சத்தனமும் ஒன்றா? ஒருவரைச் சிக்கனமானவர் என்றால் சிரிப்பார், கஞ்சன் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தமிழில் இது எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டேன்?

அன்றிலிருந்து அட்டையின் பின்பக்கம் ஒரு வாக்கியமும், அந்தச் சொல் பாராட்டா திட்டா என்ற ஒரு குறிப்பும் எழுத ஆரம்பித்தேன். ஆங்கில வாக்கியத்தைப் படித்ததும் விடைகளை விரலால் மறைத்துக்கொண்டு, காலியிடத்தில் என்ன வர வேண்டும் என்று முதலில் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். ஒருமுறை ‘கூழைக்கும்பிடு’ என்று வாய் தானாகச் சொன்னது. விரலை எடுத்தால் கீழே அப்சீக்வியஸ் உட்கார்ந்திருக்கிறது. தமிழில் யோசித்தால் ஆங்கிலம் வராது என்று பயமுறுத்துகிறவர்கள் பேச்சை நான் அதோடு கேட்பதை விட்டுவிட்டேன்.

ஒலியை நம்பி ஏமாந்ததும் உண்டு. எனர்வேட் என்றதும் எனர்ஜி ஞாபகம் வந்து, தெம்பூட்டுவது என்று எடுத்துக்கொண்டேன். நேர் எதிர்: தெம்பை உறிஞ்சுவது. லத்தீனில் நரம்பை உருவி எடுப்பது என்ற வேரிலிருந்து வந்ததாம். உருவிய நரம்பு கண்ணில் தெரிந்த பிறகு மறக்கவில்லை. நாய்சம் என்றால் நாற்றம், சத்தம் இல்லை. ரெஸ்டிவ் என்றால் ஓய்வாக இல்லை, இருப்புக்கொள்ளாமல் தவிப்பது. இந்த மாதிரி வேஷக்காரச் சொற்களுக்குத் தனியாக ஒரு கட்டு.

இரண்டாம் முறை 158. பிரமாதம் இல்லை, எனக்குத் தேவையானதுக்கு மேல் ஒன்று.

*

இரண்டாவது ஆள் நான், எழுதியது 2009-இல். 2011 ஆகஸ்டில்தான் தேர்வை மாற்றினார்கள். அதற்கு முன் எதிர்ச்சொல், ஒப்புமை என்று வாக்கியமே இல்லாமல் மொட்டையாகச் சொல்லைக் கேட்பார்கள். மதிப்பெண்ணும் 800 வரை. ஆகவே எங்கள் காலத்தில் உருப்போட்டதற்கு ஓரளவு கூலி கிடைத்தது. அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா.

எனக்கு மாட்டியது சாங்குவின். பயிற்சியில் அதைக் கொடூரம் என்று எடுத்துக்கொண்டேன். கொடூரம் சாங்குவினரி, சாங்குவின் என்றால் நல்லதே நடக்கும் என்று நம்பிக்கையோடு இருப்பது. இரண்டும் ரத்தம் என்ற ஒரே சொல்லிலிருந்து வந்தவை. இது என்ன கூத்து என்று தேடியபோது, பழைய ஐரோப்பிய வைத்தியத்தில் உடம்பில் நான்கு நீர்கள் என்று ஒரு கணக்கு இருந்தது தெரிந்தது. ரத்தம் மிகுந்தால் உற்சாகம், மஞ்சள் பித்தம் மிகுந்தால் சிடுசிடுப்பு, கரும்பித்தம் மிகுந்தால் சோகம், கோழை மிகுந்தால் மந்தம். காலரிக், மெலன்கலி, ஃபிளெக்மாட்டிக் எல்லாம் அந்த வரிசைதான். வாதம், பித்தம், கபம் கேட்டு வளர்ந்தவனுக்கு, பித்தம் தலைக்கேறியது என்று பேசுகிறவனுக்கு, இதை மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது? ஒரு மாலையில் நான்கு சொல் வந்து ஒட்டிக்கொண்டன, இன்னும் போகவில்லை. பட்டியலில் அகர வரிசையில் படித்தவை தேர்வு முடிந்த வாரமே கரைந்துவிட்டன.

*

மூன்றாவது ஆள் நான், போன வருடம் எழுதினேன். 2023 செப்டம்பரிலிருந்து தேர்வைச் சுருக்கிவிட்டார்கள், மொத்தமே இரண்டு மணி நேரத்துக்குள்தான். வெர்பல் முதல் பகுதியில் 18 நிமிடத்தில் 12 கேள்வி. ஆறு விடையில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில்தான் அதிகம் சறுக்கினேன். ஒரு சொல் அச்சாகப் பொருந்தும், ஆனால் அதற்கு ஜோடி இருக்காது. இன்னொரு பக்கம் இரட்டைப் பிள்ளைகள் போல இரண்டு சொல் நிற்கும், வாக்கியத்துக்குச் சம்பந்தமே இருக்காது. ஒன்று சரி ஒன்று தப்பு என்றால் அரை மதிப்பெண்ணும் கிடையாது. தப்புக்குக் கழிவு இல்லை என்பது மட்டும் ஆறுதல், அதனால் எதையும் காலியாக விடவில்லை.

அட்டைகளுக்கு, அன்றன்று திரும்பப் பார்க்க வேண்டியதை எடுத்து நீட்டும் ஆன்கி என்ற செயலியை வைத்திருந்தேன். பத்து நாள் காய்ச்சலில் படுத்துவிட்டுத் திறந்தால் 900 அட்டை காத்திருந்தது. அன்றே பாதியைத் தூக்கிப்போட்டேன். நல்ல காரியம் செய்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. படித்த சொற்களை எங்கேயாவது பயன்படுத்திப் பழகுங்கள் என்றார்களா, சரி என்று பரிந்துரைக் கடிதம் தந்த பேராசிரியருக்கு நன்றி மடல் எழுதினேன். நிறைவான பாராட்டு என்று நினைத்துக்கொண்டு, ‘உங்கள் ஃபுல்சம் புகழுரைக்கு நன்றி’ என்று போட்டுவிட்டேன். பொதுவாக அந்தச் சொல்லுக்கு, கேட்பவருக்குத் திகட்டும் அளவுக்கு அளந்துவிடுவது என்று பொருள். அவர் இரண்டே வரியில் பதில் போட்டார்: வாழ்த்துகள், நான் அப்படியொன்றும் மிகைப்படுத்தவில்லை என்று நினைக்கிறேன்.