கனூவுக்கு வார்னிஷா, பெயின்டா?

வணக்கம். குடும்பத்தோடு போக 6 மி.மீ. மரைன் பிளைவுட்டில் (தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை) வீட்டிலேயே ஒரு கனூ, அதாவது துடுப்புப் போடும் ஒடுக்கமான சிறு படகு, கட்டிக்கொண்டிருக்கிறோம். பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் எபாக்சி என்ற பிசினை வைத்து, வெளியே ஃபைபர் கிளாஸ் துணியும் ஒட்டியாயிற்று. ஆனால் துணியின் நெசவு இன்னும் விரலில் நெருடுகிறது. இன்னொரு கோட் எபாக்சி போதுமா? (காய்ந்ததும் படியும் மெழுகுப் பிசுக்கைத் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் உப்புத்தாள் போடுகிறேன்.)

அப்புறம், பெரிய சந்தேகம். எபாக்சி வெயில் தாங்காது. மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷோ பெயின்டோ வேண்டும். மர ரேகை தெரியவேண்டும் என்று வீட்டில் எல்லாரும் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். எனக்கென்னவோ அடிப்பக்கம் பெயின்ட்தான் சரி எனப் படுகிறது, கல்லில் உரசினாலும் தொட்டுப் பூசிவிடலாம். இரண்டையும் அடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன். பிள்ளைகளுக்கான நடு இருக்கையை எவ்வளவு தாழ்வாக வைக்கலாம் என்பதையும்.